பவளத்துறையில் ஒரு பகல்

"ஒரே ஒரு பகல். இதுக்குள்ள இவ்வளவு பெரிய ஊரை எப்படிப் பாக்குறது, தாயி?" என்று கேட்டார் மருதையன்.

அவருக்கு வயது அறுபது. அவர் தாயி என்று அழைத்த நீலாயிக்கு முப்பத்தெட்டு.

நாற்பது வருடம் ஆடு மேய்த்தவர் மருதையன். ஒரு பஞ்சத்தில் மந்தை மொத்தமும் செத்தது. மறுநாள் அந்த வழியாகத் துறவி நீலாயி நடந்து போனாள். அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தார். ஆறு வருடமாக நடக்கிறார்.

அன்று விடியலில் நிலம் முடிந்துவிட்டது.

எதிரே கடல். இடப்பக்கம் பவளத்துறை என்னும் பட்டினம். இருவரும் முன்பின் பார்த்திராத ஊர்.

நீலாயி கடல் கடந்து போகிறாள். அந்திக் காற்று எழுந்ததும் தோணி புறப்படும். அதில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அந்த இடம் தனக்குத்தானா என்று மருதையன் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"விளக்குக் கோபுரம் இருக்காம், முந்நூறு படியாம்," என்றார் மருதையன். "கப்பல்ல வர்ற குதிரையைக் கடல்லயே இறக்கி, நீந்த விட்டுக் கரைக்குக் கொண்டாருவாங்களாம். வளையல்காரத் தெருவில வெயில் விழுந்தா தரையெல்லாம் ஏழு நிறமாம். கோயில்ல கல்லாலேயே ஒரு சங்கிலி தொங்குதாம். எதைப் பாக்குறது, எதை விடுறது?"

"இதெல்லாம் யார் சொன்னாங்க?"

"வழியில பாத்த அத்தனை பேரும்."

"அப்ப அதையெல்லாம் பாத்தாச்சு."



நீலாயி ஈர மணலில் உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாங்க, பெரியவரே. சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். பதில் இருந்தா தோணியில ஏறலாம்."

ஒரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. மருதையனுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

"என்ன கேப்பீங்க?"

"நாளைக்கு இந்த ஊர்ல, 'அவரை இன்னும் காணோமே'ன்னு உங்களை யார் தேடுவாங்க?"

"நாளைக்கு நான் உங்ககூட நடுக்கடல்ல இருப்பேனே."

"அதனாலதான் தேடணும். ஒரு பேர் போதும்."

"பேர் கிடைக்கலைன்னா?"

"இந்த ஊர்லயும் ஆடு இருக்கும். மேய்க்க ஆள் வேணும்."

மருதையன் மூட்டையை அவள் பக்கத்தில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

அறுபது வயதில் ஒருவர் அப்படி ஓடுவதைப் பார்த்து இரண்டு நண்டுகள் வளைக்குள் போயின.



ஊர் அவர் மேல் வந்து விழுந்தது.

கருவாட்டு வாசம், சாம்பிராணி வாசம், புதுச் சுண்ணாம்பு வாசம். தலையில் மூட்டை வைத்தவர்கள் 'வழி, வழி' என்று கத்தியபடி வந்தார்கள். ஒரு மாட்டு வண்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு குட்டிச் சூரியன். தெரியாத மொழியில் இருவர் சண்டை போட்டார்கள். தெரிந்த மொழியில் ஒருவன் விலக்கிவிட்டான்.

மருதையன் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

கோபுரம் வலப்பக்கம் தெரிந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பியது. கோபுரம் நாளைக்கு யாரையும் தேடாது என்று நினைத்துக் காலைத் திருப்பினார்.

கரையில் சங்கு குளிப்பவர்கள் படகுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை இன்னொருவன் கையில். கீழே போனவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும்.

ஒருவன் மட்டும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே நின்றான்.

மருதையன் நெருங்கினார். "தம்பி, கயிறு பிடிக்க ஆள் இல்லையா? நான் பிடிக்கிறேன். நாளைக்கும் தேடுவியா?"

அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்க தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப எப்படிக் கயிறைக் குடுப்பேன்? இங்க மச்சான்தான் பிடிப்பான். நான் செத்தா அவன் அக்கா தாலி அறுப்பா. அந்தப் பயத்துல ஒழுங்கா இழுப்பான்."

"உன் மச்சான் எங்க?"

"தூங்குறான். அக்கா எழுப்பிக்கிட்டு இருக்கா."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தாத்தா, தங்கச்சி இருந்தா கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் கல்யாணம், நாளன்னைக்குக் கயிறு."

மருதையனும் சிரித்துவிட்டு நடந்தார். வெயில் ஒரு முழம் ஏறியிருந்தது.

ஓர் ஆப்பக் கடை. உட்கார்ந்து ஐந்து ஆப்பம் சாப்பிட்டார். கடைக்காரி நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"அம்மா, இந்த மாதிரி ஆப்பம் நான் தின்னதே இல்ல. என்னை ஞாபகம் வெச்சுக்குவியா?"

"தின்னாச்சுல்ல. நகந்துக்கோங்க, பின்னால ஆள் நிக்குது."

புகழ்ந்தால் மறப்பார்கள், திட்டினால் மறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வளையல்காரத் தெருவுக்குப் போனார். தரையில் உண்மையாகவே ஏழு நிறம். அதை மிதித்துக்கொண்டு போய் ஒரு கடைக்காரரிடம், "உங்க வளையல் எல்லாம் கோணல்," என்றார்.

கடைக்காரர் நிமிரவில்லை. "ஆமாங்க. கையும் கோணல்தானே."

"நான் உங்களைத் திட்டுறேன்."

"தெரியுது. காலையில இருந்து நீங்க எட்டாவது ஆள். கோவத்தோட போற ஆளு, நிழல்ல போங்க."

ஒரு வண்டி சேற்றில் மாட்டிக் கிடந்தது. தோள் கொடுத்துத் தள்ளினார். முழங்கால் வரை சேறு. வண்டிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி மாதிரி வந்தீங்க."

"நாளைக்கு என்னைத் தேடுவியா?"

"நாளைக்கு நான் நாலு ஊர் தாண்டியிருப்பேன். எதுக்குங்க? மறுபடி மாட்டுவேன்னு சொல்றீங்களா?"

உச்சி வெயில். அரைப் பகல் போய்விட்டது. கோபுரமும் ஏறவில்லை, குதிரையும் பார்க்கவில்லை, கல்சங்கிலியைக் கண்ணாலும் காணவில்லை. பெயரும் இல்லை.

இவ்வளவு ஜனம். ஒவ்வொரு முகமும் யாரையோ தேடிக்கொண்டு போகிறது. அவரைத் தேடி ஒரு முகமும் இல்லை. மந்தை இருந்தவரை அவர் ஒரு நாழிகை தாமதித்தால் முப்பது குரல் எழும்பும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. துறவின் வழியில் நடப்பவர் சொல்லக்கூடிய விஷயமா அது.

கப்பல் பாய் தைக்கும் கொட்டகைகளின் ஓரத்தில் ஒரு புன்னை மரம். நிழலில் ஒரு தட்டைக் கல். போய் உட்கார்ந்தார்.

"ஓய்," என்றது ஒரு குரல். "கல்லைவிட்டு எந்திரியும். அது ஆடுற கல்லு. நீர் புலி மேல உக்காந்திருக்கீர்."

மருதையன் துள்ளி எழுந்தார்.

கல்லில் முக்கோணமாகக் கோடுகள் செதுக்கியிருந்தன. ஆடுபுலி ஆட்டம். மேலே மூன்று சங்குத் துண்டுகள், புலிகள். எதிரே தரையில் ஒரு கிழவர், மடியில் புளியங்கொட்டைப் பை. விரல்கள் முழுக்க ஊசித் தழும்பு.

"பாய் தைக்கிறவரா?"

"தைச்சவன். கண்ணு மங்கி நாலு வருசம் ஆகுது. பேரு தொம்மை. நீர் ஆடுவீரா, இல்ல உக்கார மட்டும்தான் தெரியுமா?"

"எனக்கு நேரம் இல்ல."

"இந்த ஊர்ல எவனுக்கும் இல்ல," என்றார் தொம்மை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருதையன் இரண்டு எட்டு நடந்தார். திரும்பி வந்தார்.

"நான் ஆடு," என்றார்.



தொம்மை மெதுவாக ஆடினார்.

மெதுவாக என்றால், ஒவ்வொரு முறையும் கல் முழுவதையும் விரலால் தடவினார். சங்கு எது, புளியங்கொட்டை எது, எந்தக் கோடு காலி. தடவி முடித்து, வானத்தைப் பார்த்து, மறுபடி தடவி, பிறகு ஒரு புலியை நகர்த்தினார்.

பக்கத்தில் பனங்கிழங்கு விற்கும் செவந்தி என்ற பெண் வேடிக்கை பார்த்தாள்.

"மாமா காய் வெக்கிறதுக்குள்ள ஒரு கப்பல் போயிட்டுத் திரும்பிடும்," என்றாள். "அதான் யாரும் ஆட வர்றதில்ல."

"நீ கிழங்கை வித்துக்கோ."

"கிழங்கு எங்க ஓடுது. மாமா ஓடுனாத்தான் பாக்கணும்."

மருதையனுக்கு அந்த நிதானம் உறுத்தவில்லை. ஆடு மேய்த்தவர். ஒரு புதரைத் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். பத்து வைத்தார். பதினைந்தும் வைத்தார். ஒன்றைக்கூடப் புலி வாயில் விடவில்லை.

"என்ன ஓய் இது," என்றார் தொம்மை. "வெட்டவே குடுக்க மாட்டேங்கிறீர். கிடை காவலா காக்குறீர்?"

"நாப்பது வருசம் காத்தேன்."

"நெசமான ஆட்டையா?"

"நெசமான ஆட்டை."

தொம்மை பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். "செவந்தி, கேட்டியா? எனக்கு எதிர ஒரு நெச இடையன். இன்னைக்குப் புலிக்குப் பட்டினிதான்."

பட்டினி நீடிக்கவில்லை. ஒரு புலி பக்கவாட்டில் நகர்ந்தது. மருதையனுக்கு வழி குறுகியது. எந்த ஆட்டை நகர்த்தினாலும் இன்னொன்று வெட்டுப்படும்.

அவர் கை கல்லின் மேல் நின்றது.

"ஒண்ணைக் குடுத்தாத்தான் மத்தது பொழைக்கும்," என்றாள் செவந்தி.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் யோசிக்கிறீங்க?"

"இது நொண்டி," என்றார் மருதையன், ஒரு புளியங்கொட்டையைக் காட்டி. அதன் ஓரம் உடைந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தொம்மை விரலால் அந்தக் கொட்டையைத் தேடித் தொட்டார். "ஆமா," என்றார்.

மருதையன் வேறொன்றைக் கொடுத்தார். நல்ல, கொழுத்த ஒன்றை. புலி தாண்டி வெட்டியது, மூலையில் போய் விழுந்தது. அடுத்த காயில் அந்த மூலையை அடைத்தார்.

ஒரு புலி கட்டுண்டது.

கொட்டகையிலிருந்து இரண்டு பேர் ஊசியோடு எழுந்து வந்தார்கள். மூட்டை சுமந்த ஒருவன் மூட்டையை இறக்கிவைத்தான்.

"தொம்மை மாமா மாட்டுறாரு."

"மாட்டுறதாவது. வாலைச் சுருட்டி வெச்சிருக்காரு."

"பேசாம இருங்கடா," என்றார் தொம்மை. அவர் விரல்கள் இப்போது வேகமாகத் தடவின. முகம் மலர்ந்திருந்தது. தோற்கப்போகிற முகம் போல இல்லை.

செவந்தி மருதையனின் காதருகே குனிந்தாள். "வெளியூரா? ஜெயிக்கிறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கோங்க. இந்தக் கல்லுல ஜெயிச்சவரு மறுநாள் வந்தாகணும். தோத்தவருக்கு மறு ஆட்டம் குடுக்கணும். அது முடியற வரைக்கும் தோத்தவரு வேற யார்கூடவும் ஆடக் கூடாது. ஊர் வழக்கம்."

"வரலைன்னா?"

"தோத்தவரு காத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு வருசம் முந்தி ஒரு கப்பல்காரன் மாமாவை ஜெயிச்சுட்டுப் பாயை விரிச்சுக்கிட்டுப் போயிட்டான். மாமா பதினேழு நாள் இந்தக் கல்லுகிட்டயே உக்காந்திருந்தாரு. தினமும் கேப்பாரு, 'ஏய், அவனைக் காணோமே, வழியில பாத்தியா?'ன்னு. கடைசியில ஊரே கூடி, அவன் செத்துட்டான்னு சொல்லி, அவனுக்காகத் தலை முழுகினோம். அப்புறம்தான் மாமாவை மறுபடி ஆட விட்டாங்க."



அவரைக் காணோமே. வழியில் பார்த்தாயா.

பெயர் கிடைத்துவிட்டது. காலையிலிருந்து ஊரெல்லாம் அலைந்து தேடிய பெயர், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு புலியைத் தடவிக்கொண்டிருக்கிறது. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொழுதைப் பார்த்தார். பாய்களின் நிழல் நீண்டிருந்தது. கடலிலிருந்து முதல் குளிர்ச்சி வந்து கழுத்தைத் தொட்டது.

இரண்டாவது புலியை நான்கு ஆடுகளால் சூழ்ந்தார். அது ஒன்றை வெட்டித் தப்பியது. கூட்டம் 'ஹோ' என்றது. மருதையனுக்கு வியர்த்தது. நொண்டியை ஒரு கோடு முன்னால் வைத்தார். தொம்மை தடவினார், மறுபடி தடவினார்.

"இடையரே, இந்த நொண்டி என் வழியில நிக்குதே."

"நிக்கும்."

"பின்னால யாரு?"

"தொட்டுப் பாரும்."

தொட்டுப் பார்த்தார். பின்னாலும் ஓர் ஆடு. தாண்ட இடமில்லை.

மூன்றாவது புலிக்கு ஒரே ஒரு கோடு மீதி. மருதையன் இன்னொரு புளியங்கொட்டையை நகர்த்தி அந்தக் கோட்டில் வைத்தார்.

தொம்மையின் விரல் மூன்று சங்குகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. முதல் புலி. இரண்டாவது. மூன்றாவது. எங்கும் வழியில்லை.

"கட்டிட்டீர் ஓய்," என்றார்.

கூட்டம் மருதையனின் முதுகில் தட்டியது. செவந்தி ஒரு கிழங்கை அவர் கையில் திணித்தாள். தொம்மை காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். கல்லை மேல்துண்டால் துடைத்தார். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தார், விருந்துக்கு வீடு கூட்டுகிறவர் போல.

"நாளைக்கு நான் ஆடு. நீர் புலி. வெயில் ஏறுமுன்ன வந்துரும்."

"சரி," என்றார் மருதையன். அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்.

"பேரு சொல்லலையே ஓய்."

"மருதையன்."

"மருதையன்," என்று தொம்மை சொல்லிப் பார்ப்பது பின்னால் கேட்டது.



தோணிக்காரர்கள் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நீலாயி தோணிக்குள் நின்றிருந்தாள். மருதையன் முழங்கால் தண்ணீரில் தடதடவென்று இறங்கினார்.

"பேர் இருக்கா?"

"இருக்கு தாயி. தொம்மை." மூச்சு வாங்கியது. "பாய் தைச்சவர். கண் தெரியாது, விரலாலேயே ஆடுறார். அப்படி ஓர் ஆட்டம் நான் ஆடினதே இல்ல. மூணு புலியையும் கட்டிட்டேன், நொண்டியைக் காப்பாத்திட்டேன்."

"நாளைக்கு உங்களைத் தேடுவாரா?"

"தேடாம இருப்பாரா? வெயில் ஏறுமுன்ன வந்து உக்காந்துருவார். போற வர்றவங்ககிட்டல்லாம் கேப்பார். நான் போனாத்தான் அவருக்கு மறு ஆட்டம். நான் போகலைன்னா வேற யார்கூடவும்..."

வாக்கியம் அங்கே நின்றது.

"சரியான பதில்," என்றாள் நீலாயி. கையை நீட்டினாள். "ஏறுங்க."

மருதையன் அவள் கையைப் பிடித்தார். ஒரு காலைத் தோணியின் விளிம்பில் வைத்தார். உள்ளே அவர் மூட்டை, அவருக்கான இடத்தில், ஏற்கனவே இருந்தது.

"தம்பி," என்று தோணிக்காரனைக் கேட்டார். "இது எப்பத் திரும்பும்?"

"காத்து மாறணுமே, பெரியவரே. ஏழு மாசம் ஆகும். சீக்கிரம் ஏறுங்க."

அலை ஒன்று வந்து தோணியைத் தூக்கி இறக்கியது.

மருதையனின் கால் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது.

"அவர்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன், தாயி."

"என்கிட்டயும்தான் வர்றேன்னு சொன்னீங்க. ஆறு வருசமா."

"ஆமா." அவர் தண்ணீரைப் பார்த்தார். "ஆனா நீங்க தேட மாட்டீங்க."

நீலாயி குனிந்து அவருடைய மூட்டையை எடுத்தாள். நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மறுமுனையை அவள் விடுவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று.

பாயில் காற்று நிறைந்தது. மருதையன் இரண்டு கையாலும் தோணியைத் தள்ளிவிட்டார். மார்பளவு தண்ணீரில், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் உப்புத் தண்ணீர்.

தோணியிலிருந்து அவள் குரல் வந்தது.

"பெரியவரே, ஊர் எப்படி?"

மருதையன் கையை வாயருகே குவித்தார்.

"இன்னும் பாக்கலை, தாயி."